பெயர் வராத ஜெபம்

புனேவின் தாபோடித் தமிழ்ச் சபையில் ஜோசபின் ஜெபிக்க எழுந்தால், பின்வரிசையில் கண்ணயர்ந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள். பக்தி ஒரு காரணம். அந்த வாரம் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் தெரியவரும் என்பது இன்னொரு காரணம்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்று மெல்லத்தான் ஆரம்பிப்பாள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு முறைப்படி ஸ்தோத்திரம் சொல்லி முடித்ததும் குரல் ஒரு படி இறங்கும். விஷயம் அங்கேதான். "நம்ம ஹரீஷ் தம்பிக்காக வாரோம் ஆண்டவரே. மகர்பட்டாவுல அவனுக்கு வேல போயிருச்சு. வீட்டுல இன்னும் சொல்லல. காலையில டப்பாவத் தூக்கிட்டுப் போயி, நாள் பூரா மால்ல உக்காந்துட்டு வாரான். அவனுக்கு ஒரு வழியத் திறந்து விடும்." ஹரீஷின் மனைவி அதே வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முதலில் திறந்தது அவள் கண்.

கடவுள் எல்லாம் அறிந்தவர் என்பதில் அந்தச் சபைக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் முகவரியோடு சொல்லிவிடுவது நல்லது என்பது ஜோசபினின் கட்சி. ஆளந்தி ரோடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், மருந்துக் கடைக்கு மேல் மாடி என்று அவள் விவரம் சொல்லும்போது, பரலோகத்திலிருந்து யாரோ ஸ்கூட்டரில் கிளம்பி வந்து, தெருமுனையில் நின்று விசாரித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

வம்பு பேசுகிறோம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உண்மையிலேயே பிறர் பாரத்தைத் தன் பாரமாகச் சுமக்கிறவள். ஹரீஷுக்காக அவள் விட்ட கண்ணீரில் கலப்படமே கிடையாது. ஹரீஷ் தப்பிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரகசியம் காப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் அவள். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து, ராணுவ அலுவலகம் ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். காதில் ஹெட்போன், கையில் ஒயர். கர்னல்களின் இடமாற்றம், மேஜர்களின் மனக்கசப்பு, மனைவிமார்களின் அழுகை எல்லாம் அந்தக் காது வழியாகத்தான் போயின. ஒன்றுகூட வெளியே வரவில்லை. கணவர் லூர்துசாமிக்கு இன்றைக்கும் அந்த ஆதங்கம் உண்டு.

"ஒரு கர்னல் கதை," என்பார் அவர். "ஒரே ஒரு கர்னல் கதை வீட்டுக்கு வந்துருக்கா? வரல. சபைக் கதைன்னா மட்டும் ஒலிபெருக்கி."

"அது ஆபீஸு. இது குடும்பம்லா," என்பாள் ஜோசபின்.

அவள் கணக்கு அதுதான். பஸ்ஸில் மராட்டி, காய்கறிக் கடையில் இந்தி, வங்கியில் இங்கிலீஷ் என்று வாரம் முழுக்க நாக்கைக் கடன் கொடுத்துவிட்டு, மராட்டிச் சபைக்காரர்கள் காலை ஆராதனையை முடித்துக் காலி செய்த அதே நாற்காலிகளில் ஞாயிறு மதியம் வந்து உட்கார்கிறார்கள் தமிழர்கள். அங்கே உட்கார்ந்த பிறகு எல்லோரும் அக்கா, அண்ணன், மாமா, அத்தை. குடும்பத்துக்குள் என்ன ஒளிவு மறைவு?

அமலாவும் அப்படித்தான் அவளுக்குத் தங்கச்சியானாள். விஷ்ராந்த்வாடியில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். வேலூர்க்காரி. கணவர் போன பிறகு மகள் ஸ்நேஹாவை ஒற்றை ஆளாக வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தவள். ஒரு நாள் ஜோசபினின் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஸ்நேஹா திரும்பி வந்துவிட்டாள். கட்டினவன் கை நீட்டுகிறான். கேட்பவர்களிடம் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது உங்களோட இருக்கட்டும்க்கா."

"எங்கிட்ட சொல்லிட்டேல்லா? கிணத்துல போட்டாச்சுன்னு நெனச்சுக்கோ," என்றாள் ஜோசபின். மனதாரத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் வீட்டு ஜெபக் கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் கூடுவது சபை வழக்கம். அந்த வாரம் அமலாவின் முறை. பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது. கடைசி ஜெபத்துக்கு ஜோசபினைக் கேட்டார்கள். சமையலறையில் ஸ்நேஹா டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஜோசபின் கண்களை மூடினாள். பாரம் வந்து நெஞ்சை அடைத்தது.

"இந்த வீட்டு மகளுக்காக வாரோம் ஆண்டவரே. கட்டினவன் கை நீட்டுதான்னு தாய் வீட்டுல வந்து நிக்கா எங்க ஸ்நேஹா. வெளியில சொல்ல முடியாம தாயும் மகளும் தவிக்காவ. அந்த அடியெல்லாம் உம்ம கண்ணுக்கு மறைவா இல்லையே ராஜா…"

எல்லோர் கண்ணும் மூடியிருந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் ஒரு தட்டு தரையில் வைக்கப்படும் சத்தமும், கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொள்ளும் சத்தமும் மட்டும் கேட்டன. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது திரைச்சீலைக்குக் கீழே தட்டு இருந்தது, டம்ளர்களில் டீ இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, ஸ்நேஹா இல்லை. வந்தவர்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். குனிந்து ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக் குடித்தார்கள். சபையின் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் ராஜஸ்ரீ மட்டும் சர்க்கரை கம்மி என்றாள்.

ஸ்நேஹா ஹைதராபாத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். புனே பக்கமே வருவதில்லை என்று கேள்வி. அமலா சபைக்கு வருவதை நிறுத்தினாள். ஜன்னலோரத்தில் அவள் உட்காரும் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஜோசபினுக்கு அப்போதாவது உறைத்ததா என்றால், இல்லை. பிறகு வந்த ஞாயிறுகளிலெல்லாம் அவள் குரல் தழுதழுக்க, "பின்வாங்கிப்போன எங்க அமலாவத் திரும்பக் கொண்டாரும்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். தள்ளிவிட்டவளே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்த கதை.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் இந்த வருஷமும் வந்தது. சபையின் போதகர் ஜோஷுவா, திங்கள் முதல் வெள்ளி வரை மகர்பட்டாவில் மென்பொருள் எழுதுகிற ஆள்; சனி ஞாயிறுகளில் பிரசங்கம். அவருக்கு ஒரு யோசனை. தாவீது ராஜா பாவம் செய்து பிடிபட்ட பிறகு செய்த மன்றாட்டை, வேதத்தில் உள்ளபடி, சபை நடுவே ஒருவர் ஜெபமாகவே ஏறெடுக்க வேண்டும். "அதுக்கு நம்ம ஜோசபின் ஆன்ட்டிய விட்டா யார் இருக்கா?" என்றார். யாரும் இல்லைதான்.

ஜோசபின் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். லூர்துசாமி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறப்பால் தூத்துக்குடிக் கத்தோலிக்கர், கல்யாணத்தால் இந்தப் பக்கம் வந்தவர். சபையில் மின்விசிறிக்கு நேர்கீழே கடைசி நாற்காலி அவருடையது.

"ஏளா ஜோசி, தாவீது என்ன செஞ்சான்?"

"தெரியாத மாதிரி கேக்கிய. அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்தான். அவனச் சண்டையில முன்னால நிறுத்திக் கொன்னான்."

"அப்போ இதுல எத்தன பேரு வரணும்? அந்தப் பொம்பள, அவ புருஷன், தூது போனவன், சேனாதிபதி… நானும் கேட்டுட்டே இருக்கேன், ஒரு பேரக் காணமே. என் பாவம், என் மீறுதல், என் நெஞ்சு. அவனப் பத்தியே பேசிட்டுப் போயிட்டான் மனுசன்." செய்தித்தாள் இறங்கியது. "நீயா இருந்தா செத்துப்போன அந்தப் புருஷன் உரியா வீட்டு அட்ரஸ்ல இருந்து ஆரம்பிச்சிருப்பே."

ஜோசபின் ஒரு தேங்காய்ச் சில்லை அவர்மேல் எறிந்தாள். அவர் அதை எடுத்துத் தின்றார். பேச்சு அதோடு முடிந்தது.

முடியவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. மைக்கைப் பிடித்துத் தாவீதின் வார்த்தைகளை அவள் பாதிவரை நன்றாகவே கொண்டுபோனாள். என் பாவம் எப்போதும் என் கண்முன் நிற்கிறது என்று அவன் சொல்கிற இடம் வந்ததும் கண்ணை உயர்த்தினாள். அமலாவின் நாற்காலி. அந்த நொடியில் அவள் காதில், இத்தனை வருஷம் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. டம்ளர்கள் மெல்லத் தட்டிக்கொள்ளும் சத்தம். அன்று கேட்டும் கேட்காமல் போனது. காதால் பிழைத்தவள் தவறவிட்ட ஒரே அழைப்பு.

அந்தப் பெண் அங்கே தட்டோடு நின்றிருக்கிறாள். தன் உடம்பில் பட்ட அடியை, அடுத்தவள் வாயிலிருந்து, கண் மூடிய கூட்டத்தின் நடுவே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஜோசபின் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் கையில் மைக் இருந்தது. அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

"சபையாரே, நான் பாவி," என்று கதறினாள். "அமலா எங்கிட்ட ரகசியமாச் சொன்னா. ஸ்நேஹாவ அவ புருஷன் அடிச்சது, அவ தாய் வீட்டுக்கு வந்தது, ஆபீஸ்ல வீட்டுலருந்தே வேல பாக்கச் சொல்லிட்டாவன்னு ஊருக்குச் சொன்னது, எல்லாத்தையும் சொன்னா. நான் அத ஜெபத்துல போட்டு ஒடச்சிட்டேன். என்னை மன்னியுங்க!"

சபையே அழுதது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நாலா பக்கமும் எழும்பியது. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிதாக வந்திருந்த குடும்பங்களுக்கு அமலா யார், ஸ்நேஹா யார் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் காதோடு விளக்கினார்கள். ஜோஷுவா சமீபத்தில் ஆராதனையை நேரலையில் விட ஏற்பாடு செய்திருந்தார். திருநெல்வேலியில் இருந்த உறவினர்கள் அங்கிருந்தே கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது ஜோசபினுக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் லூர்துசாமி பேசினார்.

"எங்க ஊர்க் கோயில்ல ஒரு மரப்பெட்டி உண்டு. நடுவுல வலை போட்டிருக்கும். நாங்க பாவத்தச் சாமியார் காதுல சொல்லுவோம். நீங்க மைக்குல சொல்லுதிய."

"நான் மனந்திரும்பிட்டேன்லா? அதுவும் தப்பா?"

"திரும்பினே. திரும்பி, அதே தெருவுல இன்னொரு தரம் நடந்துட்டு வந்துட்டே."

மறுநாள் அவள் விஷ்ராந்த்வாடிக்குப் போனாள். அமலா உள்கதவைத் திறந்தாள். வெளி இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. இளைத்திருந்தாள்.

"வீடியோ பாத்தேன்க்கா. நல்லா அழுதீங்க."

"அமலா, மன்னிப்பு கேக்க வந்திருக்கேன்."

"அதான் ஊருக்கே கேட்டுட்டீங்களே." குரல் உயரவில்லை. "ஹைதராபாத்ல அவளுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. யாருக்கும் எதுவும் தெரியாது. நிம்மதியா மூச்சு விட்டுட்டிருந்தா. நேத்து ராத்திரி அவ கூட வேலை செய்யிற திருநெல்வேலிப் பொண்ணு அந்த வீடியோவ அனுப்பி, இந்த ஸ்நேஹா நீதானான்னு கேட்டிருக்கா."

ஜோசபின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயில் ஏறுதுக்கா. பாத்துப் போங்க," என்றாள் அமலா. கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லாமல்.

அதற்குப் பிறகு ஜோசபின் சபையில் வாய் திறக்கவில்லை. ஜோஷுவா வந்து கெஞ்சினார். "ஆன்ட்டி, உங்க ஜெபம் இல்லாம ஆராதனை உப்பில்லாம இருக்கு."

"கொஞ்ச நாளைக்கு உப்பு கொறச்சுச் சாப்பிடுங்க பாஸ்டர். நல்லது," என்றாள்.

சபையில் செய்திப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ராஜஸ்ரீ அந்த ஊழியத்தை ஏற்று நடத்திப் பார்த்தாள், விவரம் போதவில்லை. யார் யாரோ வீட்டுக்கு வந்து, டீ குடித்து, "எங்களுக்காகக் கொஞ்சம் பாரமா ஜெபிச்சுக்கோங்கக்கா" என்று கொக்கி போட்டுப் பார்த்தார்கள். சரி என்பாள். அவ்வளவுதான்.

உண்மையில் அவளால் ஜெபிக்க முடியவில்லை. இது யாருக்கும் தெரியாது. விடியற்காலையில், பால்காரர் வருமுன், சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்வாள். அன்பின் பரலோகப் பிதாவே என்பாள். அதற்கு மேல் போகாது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே அந்தச் சந்நிதிக்குப் போய்ப் பழகிவிட்டது. தனியாகப் போனால் வாசலில் என்ன சொல்லி நுழைவதென்று தெரியவில்லை. கூட்டிப்போன அத்தனை பேருக்கும் பின்னால் நின்றுகொண்டு, இதுவரை தன் முகத்தை அங்கே ஒரு தடவைகூடக் காட்டவில்லை என்று தெரிந்தபோது அவளுக்குக் குளிர்ந்துபோனது.

வேறு வழியில்லாமல் தாவீதின் ஜெபத்தையே எடுத்துக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாவது போகலாம் என்று. எத்தனையோ முறை பிறருக்கு வாசித்துக் காட்டியதுதான். ஒரு நாள் அதில் ஓர் இடத்தில் போய் நின்றாள். அழுக்கைக் கழுவும், வெண்மையாக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வருகிறவன், திடீரென்று, சுத்தமான ஒரு நெஞ்சை எனக்குள் படைத்துத் தாரும் என்கிறான்.

படைப்பதா?

துவைத்துத் தரச் சொல்லவில்லை. ஒட்டுப் போட்டுத் தரச் சொல்லவில்லை. வெளிச்சமும் இருட்டும்கூடப் பிரியாத முதல் நாளில் செய்த வேலையை, என் ஒருவனுக்குள் இன்னொரு தரம் செய்யும் என்கிறான். பழுது பார்க்க எடுத்துக் கொடுப்பதற்குக்கூட உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டவன் மட்டுமே அப்படிக் கேட்க முடியும். சூரியனையும் கடலையும் செய்த கையைப் பிடித்து, இங்கே, இந்தக் காலி இடத்தில் என்று காட்டுகிறான் ஒரு கொலைகாரன். கை வெடுக்கென்று விலகிக்கொள்ளவில்லை.

ஜோசபின் வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறை அதே சமையலறைதான். அடுப்பின்மேல் நேற்றைய குழம்புச் சட்டி, சன்னலில் ஆற்றுப் பக்கமிருந்து வந்த சாம்பல் வெளிச்சம். ஆனால் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. பெரிதாக. இடம் போதாமல். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல ஒன்றுமில்லை. முதன்முறையாக, சொல்ல ஒன்றும் வேண்டியதாகவும் இல்லை. வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. லூர்துசாமி வந்து பார்த்தார், என்னவென்று கேட்காமல் பாலை எடுத்துத் தானே காய்ச்சினார், பொங்கவும் விட்டார்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடியின் கொக்கி கழன்று, சரி செய்ய ஜோசபின் கட்கி பஜாருக்குப் போனாள். மழை சாய்த்து அடித்தது. ஒரு துணிக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றவள், எதிர்ச் சாரியில் அதேபோல் ஒதுங்கி நின்ற, ஹைதராபாத்தில் இருக்க வேண்டிய ஸ்நேஹாவைப் பார்த்தாள்.

ஸ்நேஹா தனியாக இல்லை. யார் உடன் இருந்தார்கள், அவள் எப்படி இருந்தாள், அது ஏன் அமலாவின் வாசலைத் தாண்டி வராத விஷயம் என்பதெல்லாம் ஜோசபினுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே இந்தப் பக்கங்களிலும் அது வராது.

ஸ்நேஹாவும் அவளைப் பார்த்தாள். பார்த்த முகத்தில் பயம் வந்தது. ஒரு கிழவியைப் பார்த்து வளர்ந்த பெண் அப்படி வெளிறுவதை ஜோசபின் அதற்கு முன் கண்டதில்லை. கையெடுத்துக் கூப்பலாமா, தெருவைத் தாண்டி ஓடிப்போய்க் காலில் விழலாமா என்று மனம் துடித்தது. பழைய மனம். அவள் அதைச் செய்யவில்லை. கையிலிருந்த குடையை விரித்து, மெல்லத் தாழ்த்தி, தன் முகத்தை அதற்குள் மறைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் இறங்கி எதிர்த் திசையில் நடந்தாள். கண்ணாடி சரி செய்யப்படாமலே வீடு வந்தது.

அடுத்து வந்த ஞாயிறுகள் லேசானவை அல்ல. சபையில் இத்தனை வருஷத்தில் கிடைக்காத செய்தி. நாக்கு நுனியில் சூடாக உட்கார்ந்திருக்கிறது. ராஜஸ்ரீ வேறு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அமலாக்கா வீட்ல ஏதோ ஆள் நடமாட்டம் இருக்காமே? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"நீ இந்தத் தடவ தேங்கா எங்க வாங்கினே? எனக்கு எல்லாம் அழுகலா வருது."

"தேங்காயா? அரே, நான் என்ன கேக்கறேன்…"

"அதான் தேங்காயக் கேக்கேன்."

வீட்டில் லூர்துசாமி சுற்றிச் சுற்றி வந்தார். ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் காலத்தில் சாயங்காலம் வீடு வரும்போது இருந்த அதே முகம். "கர்னலா?" என்றார். அவள் சிரித்தாள். சொல்லவில்லை.

மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில் போன் வந்தது. அமலா.

"கட்கி பஜார்ல ஸ்நேஹாவப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"யார்கிட்டயும் நீங்க சொல்லல."

ஜோசபின் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானும் அவளும் போனப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்திருந்தோம்க்கா. ஆராதனை முடியிற நேரம். இப்ப அடிக்கும், இப்ப அடிக்கும்னு. ராஜஸ்ரீ பண்ணுவா, அடுத்து ஒவ்வொருத்தரா பண்ணுவாங்கன்னு…" அமலாவின் குரல் நின்றது. பிறகு வந்தது. "அடிக்கவே இல்ல."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் ஓடியது. ஜோசபினுக்குப் பழகிய இரைச்சல்.

"வீட்டுக்கு வரீங்களா?"

லூர்துசாமி ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினார். மேலே வரவில்லை. மருந்துக் கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்.

இரும்புக் கதவு திறந்தே இருந்தது. ஜோசபின் அதே கூடத்தில், அதே சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். அமலா எதிரே உட்கார்ந்தாள். சமையலறைத் திரைச்சீலை மாறியிருந்தது. அது விலகியது. ஸ்நேஹா தட்டோடு வந்தாள். டம்ளர்கள் மெல்லத் தட்டிக்கொண்டன. அவள் தட்டைத் தரையில் வைக்கவில்லை. நேரே கொண்டுவந்து ஜோசபினுக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஜெபம் பண்ணுங்க."

"வேண்டாம்மா. நான் பண்ண மாட்டேன்."

"பண்ணுங்க. எனக்குக் கேக்கணும்."

"யாருக்காகப் பண்ண?"

"உங்களுக்காக," என்றாள் ஸ்நேஹா.

ஜோசபின் அமலாவைப் பார்த்தாள். அமலா தலையசைத்தாள். இந்த முறை அந்தக் கூடத்தில் யாரும் கண்ணை மூடவில்லை. ஸ்நேஹா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜோசபின் பேசினாள். மைக்கில்லாத, பழகாத, உடைந்த குரல். என்னைப் பாரும் ஆண்டவரே என்றாள். என் வாய் கெட்டது என்றாள். வாய்க்குப் பின்னால் இருக்கிற நெஞ்சுதான் கெட்டது என்றாள். உள்ளே ஒன்றுமில்லை, புதிதாகச் செய்துதான் தர வேண்டும் என்றாள். வேறு யார் பெயரும் வரவில்லை. மொத்தமே அவ்வளவுதான், தாபோடிச் சபையார் கேட்டிருந்தால் ஆரம்பத்தைத்தான் சொல்கிறாள் என்று காத்திருப்பார்கள்.

ஆமென் என்று அவளால் சொல்ல முடியவில்லை. உச்சந்தலையில் ஒரு கை வந்து பதிந்தது. அமலாவின் கை. சாக்பீஸ் மணக்கும் கை. "ஆமென்," என்றாள் அமலா. அந்தக் கை உடனே எடுக்கப்படவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இத்தனை காலம் நின்றிருந்த கை, இப்போது கனமாக, சூடாக, நரைத்த தலைமேல் இருந்தது. ஜோசபின் அசையவில்லை. அன்று விடியற்காலையில் சமையலறையில் வந்து நின்றது இங்கேயும் வந்திருக்கிறது என்று நினைத்தாள். அதற்குக் கை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஸ்நேஹா டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு மழைல நீங்க பாத்தது… பாதிதான் ஆன்ட்டி. மீதிய நான் சொல்றேன். எனக்குத் தமிழ் சரியா வராது. பட் நானே சொல்றேன், அம்மா வேணாம்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மட்டும்."

ஜோசபின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை கீழே போட்டு உடைத்த கையில், உடைந்தது இன்னும் தெளிவாக நினைவிருக்கும்போதே, அதைவிட மெல்லிய ஒன்றை மறுபடி வைக்கிறாள் இந்தப் பெண். நியாயப்படி யாரும் செய்யாத காரியம். வேதத்தில் அதற்கு எத்தனையோ பெரிய பெயர்கள் உண்டு. மேடைகளில் அவளே முழங்கியிருக்கிறாள். நேருக்கு நேர் பார்த்தபோது அது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்நேஹா சொல்லத் தொடங்கினாள்.

கீழே லூர்துசாமி மருந்துக் கடைக்காரரோடு மராட்டியில் மழையைப் பற்றிப் பேசி முடித்து, ரோட்டைப் பற்றிப் பேசி முடித்து, பேச ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். விளக்குக் கம்பங்கள் எரியத் தொடங்கிய பிறகுதான் ஜோசபின் படியிறங்கி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முகத்தைப் பார்த்ததும் அவர், சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து தானாக நிமிர்ந்தார். கோயிலில் நற்கருணைப் பாத்திரம் கடந்து போகும்போது சின்ன வயதில் நிற்பாரே, அப்படி.

"என்னளா, என்ன சொன்னாவ?"

ஜோசபின் சேலையைச் சரி செய்துகொண்டு பின்சீட்டில் ஏறினாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ நல்லா இருந்துச்சு," என்றாள்.

லூர்துசாமி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.